சுவரிலிருந்து தொடங்குக

மும்பைக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களில் பலருக்கு முதற்சோறு இட்டது தட்டச்சுப் பொறி. ஊரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் 'லோயர்', 'ஹையர்' என்று தேர்ச்சி பெற்று, அந்தச் சான்றிதழைத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திக்கொண்டு தாதர் நிலையத்தில் வந்து இறங்கியவர்களின் மக்களும் பேரமக்களும் நம்மில் எத்தனையோ பேர். நாங்கள் குடியிருக்கும் விக்ரோலிக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. இங்கே பெருந்தொழில் வளாகம் கண்ட கோத்ரெஜ் நிறுவனந்தான் 1955-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தட்டச்சுப் பொறியை உருவாக்கியது. அந்தப் பொறி இன்று உற்பத்தியாவதில்லை. ஆனால் அதற்கு இருந்த ஒரு பெருமை அதன் வாரிசுக்கு இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. விரலின் வலுவே அதன் உணவு. கோளாறு நேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும்படி நேரும். நாடா அறுந்திருக்கும், அல்லது எழுத்துக் கம்பி சிக்கியிருக்கும்.

அதன் வாரிசாகிய கணிப்பொறியின் கதை வேறு. இதே மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1960-இல் இயக்கி வைத்த 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் என்பது நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி. ஓர் அறையை அடைத்துக்கொண்ட அந்தப் பொறி இன்று சுருங்கி, மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியாய் அமர்ந்துவிட்டது. எனினும் அடிப்படை மாறவில்லை. கணிப்பொறி முதலில் மின்சாரத்தால் வாழ்கிறது. பிறகுதான் கணக்கால் வாழ்கிறது. நாம் கணக்கைப் பற்றி எத்தனையோ அறிந்து வைத்திருக்கிறோம். மின்சாரத்தைப் பற்றி மட்டும் சிறிதும் எண்ணுவதில்லை.

எண்ணாமைக்குக் காரணமும் உண்டு. மும்பை மின்சாரத்தில் கொடுத்து வைத்த நகரம். கோப்போலியில் எடுத்த நீர்மின்சாரம் 1915-ஆம் ஆண்டிலேயே இந்நகரத்து ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது. 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது, விடுமுறைக்கு ஊர் சென்ற நம் குழந்தைகள் இருட்டில் விசிறியும் கையுமாய் இருந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்தார்கள். இங்கேயோ, 'மும்பையில் மின்சாரம் போகாது' என்ற நம்பிக்கையிலேயே நாம் வாழ்ந்துவிட்டோம். பழகிய நம்பிக்கை ஒன்று பொய்த்தால்தான், அதன்மேல் எதையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது தெரிய வருகிறது.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணியளவில் அந்த நம்பிக்கை பொய்த்தது. கல்வாவை ஒட்டிய 400 கிலோவோல்ட் மின்தடங்கள் இயக்கம் நின்றன. இத்தகைய நேரங்களில் மும்பையை மட்டும் ஒரு தீவு போலப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவும் அன்று கைகொடுக்கவில்லை. மும்பையும் தாணேயும் நவி மும்பையும் ஒருசேர இருண்டன. ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் நடுவழியில் நின்றன. பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரி இறுதியாண்டுத் தேர்வுகள் வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி வழியாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அன்றைய தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எங்கள் மகனும் அந்தத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவன்.

பிற்பகலுக்குப் பின் மின்சாரம் திரும்பியது. விளக்கு எரிந்தது, குளிர்பெட்டி முனகியது, கணிப்பொறி மட்டும் எழவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி ஒருமுறை அசைந்து, உடனே ஓய்ந்தது. அவ்வளவுதான்.

வேறு காலமாயிருந்தால் வழி எளிது. தாதரில் வண்டி மாறிக் கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் சாலை. அங்கே கணிப்பொறிக்கு உரிய எந்த உறுப்பும் கிடைக்கும். ஆனால் அந்த அக்டோபரில் புறநகர் ரயில்கள் இன்றியமையாப் பணியாளருக்கு மட்டுமே ஓடின. பழுது பார்ப்பவரை வீட்டுக்குள் அழைக்கவும் எல்லாரும் அஞ்சினர். தேர்வோ எந்த நாளும் அறிவிக்கப்படலாம். இந்த நெருக்கடியில்தான், ஒரு பொறிக்கு மின்சாரம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நாங்கள் படிப்படியாய்க் கற்றுக்கொண்டோம்.

கற்பித்தவர் எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடிப் பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்தவர், ஆலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்பணியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுவதுக்கும் அவர் 'அண்ணாச்சி'. மராட்டியக் குடும்பங்களும் அதுவே அவர் பெயர் என்று எண்ணி அப்படியே அழைக்கின்றன. அவர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாயிற்படியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்தார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சொல்லச் சொல்ல, மகன் செய்தான்.

"தாத்தா, சி.பி.யு. செத்துவிட்டது" என்றான் மகன்.

"அதைக் கடைசியில் சொல்லு, தம்பி. முதலில் சுவரைப் பார். சுவரில் இருந்து பெட்டிக்கு வா. பெட்டியில் இருந்து சுவருக்குப் போகாதே" என்றார் அவர்.

அன்று அவர் கற்பித்த பாடம் முழுவதும் இதற்குள் அடங்கும். மின்சாரம் எந்த வழியாய் வருகிறதோ அந்த வழியாகவே நாமும் நடக்கவேண்டும். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது பின்னர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், பொறி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்பது தெரியாது.

முதலில் சுவரில் உள்ள பிளக் துளை. நம் வீடுகளில் எல்லாரும் டெஸ்டர் என்னும் திருப்புளியைச் செருகி, அதில் விளக்கு மின்னினால் மின்சாரம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். டெஸ்டர் எரிய மிகச் சிறிய மின்னோட்டமே போதும். திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தாலும் அது எரியும். ஆதலின், மேசை விளக்கு ஒன்றை அதே துளையில் செருகிப் பார்க்கவேண்டும். விளக்கு நடுங்காமல் எரிந்தால் சுவர் குற்றமற்றது. எங்கள் வீட்டில் எரிந்தது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பலகை. ஒரே பலகையில் கணிப்பொறி, திரை, மோடம், கைப்பேசி, கொசுவிரட்டி என்று ஐந்தைச் செருகி வைக்காத வீடு எது? நாளடைவில் உள்ளிருக்கும் பித்தளை நாக்குகள் தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கிறது. சூட்டினால் மேலும் தளர்கிறது. எங்கள் பலகையின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருந்தது. அதை விலக்கிவிட்டுப் பெட்டியை நேரே சுவரில் செருகினோம். அப்போதும் எழவில்லை. ஆயினும் அந்தப் பலகை அன்றே குப்பைக்குப் போயிற்று. பழுப்பேறிய பலகை தீக்கு அழைப்பு அல்லவா?

மூன்றாவது, கம்பிவடம். மேசைக் கணிப்பொறிக்கும் அதன் திரைக்கும் பெரும்பாலும் ஒரே வகை வடந்தான். ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் மாற்றினால் ஒரு நிமிடத்தில் வடத்தின் நலம் தெரிந்துவிடும். நான்காவது, பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு விசை. ஒரு கோடும் ஒரு வட்டமும் அதில் பொறித்திருக்கும். கோட்டின் பக்கம் அழுந்தியிருந்தால் இயங்கும், வட்டத்தின் பக்கம் அழுந்தியிருந்தால் இயங்காது. பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது வட்டத்திற்குச் சாய்ந்துவிடுவதும் உண்டு. மிகப் பழைய பெட்டிகளில் 115, 230 என்ற எண்களோடு சிவப்பு நிறத்தில் இன்னொரு விசையும் இருக்கும். நம் நாட்டில் அது எப்போதும் 230-இல்தான் நிற்கவேண்டும். குழந்தைகள் விளையாட்டாய் நகர்த்திவிட்டால் மின்பெட்டி வெடித்துவிடும்.

இத்தனையும் முடிந்த பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும் என்றார் அண்ணாச்சி. திறப்பதற்கு முன் வடத்தைப் பிடுங்கிவிட்டு, முகப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் வெறுந்தகட்டைத் தொட்டுக்கொள்ளவேண்டும். நம் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைச் சுட்டுவிடாதிருக்க அது உதவும்.

பெட்டிக்குள்ளே ஒரு மூலையில் இன்னொரு சிறு பெட்டி இருக்கிறது. அதைக் கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது அதன் தொழில். அதன் மூடியை மட்டும் நாம் ஒருபோதும் திறத்தலாகாது. உள்ளே வரும் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய மின்தேக்கிகளில் நிற்கிறது. வடத்தைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கலாம். "அந்த மூடியைத் திறக்கிற கை என் கையாயினும் தடுத்துவிடுங்கள்" என்றார் முப்பது ஆண்டு அனுபவம் உடைய அவர்.

கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் முற்றிலும் உறங்குவதில்லை. சுவரில் விசை போட்டிருக்கும் வரையில் 5 வோல்ட் மின்சாரம் சிறிதளவு ஓடிக்கொண்டேயிருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டதை உணர்வதற்கே அது. பல மதர்போர்டுகளில் அதற்கு அடையாளமாக ஒரு சிறு விளக்கு உண்டு. வடத்தை மீண்டும் செருகிப் பார்த்தபோது எங்கள் பொறியில் அந்த விளக்கு எரிந்தது. "மூச்சு இருக்கிறது, எழுந்து நிற்க வலு இல்லை. சுமையை இறக்கிப் பார்ப்போம்" என்றார் அண்ணாச்சி.

சுமை இறக்குவதாவது, இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாய்ப் பிரித்தல். ஒவ்வொரு முறையும் வடத்தைப் பிடுங்கிய பின்னரே பிரிக்கவேண்டும். முதலில் டி.வி.டி. கருவி, பிறகு ஹார்டு டிஸ்க், பிறகு முகப்பில் உள்ள யு.எஸ்.பி. துளைகளின் கம்பி. ஒவ்வொன்றையும் பிரித்த பின் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். நினைவக அட்டையாகிய ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினோம். ஒருபுறம் உப்பங்கழியும் சதுப்புக் காடும் உடைய விக்ரோலியில், மழைக்காலம் முடிந்த அக்டோபரில், உலோகத்தின்மேல் மெல்லிய கறை படிவது புதிதன்று. பல பொறிகள் இந்த ரப்பருக்கே எழுந்துவிடும். முகப்புப் பொத்தானே பழுதாகியிருக்கவும் கூடும். அதன் இரு கம்பிகள் சேரும் முனைகளைத் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டு அதையும் சோதித்தோம். செயலகத்துக்குத் தனியே செல்லும் நான்கு அல்லது எட்டு முனைச் செருகியைப் பலர் மறந்துவிடுவர். அதையும் அழுத்திப் பார்த்தோம். விசிறி அசைந்தது, ஓய்ந்தது. மாற்றமில்லை.

அதன்பின் கண்ணால் பார்க்கும் சோதனை. மதர்போர்டில் சிறு உருளைகளாய் நிற்கும் மின்தேக்கிகளின் தலை தட்டையாய் இருக்கவேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அவை கெட்டவை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலகெங்கும் விற்ற பல மதர்போர்டுகள், தரங்கெட்ட திரவம் நிரப்பிய மின்தேக்கிகளால் இப்படி உப்பி மடிந்தன. எங்கள் பொறியில் எல்லாத் தலைகளும் தட்டையாகவே இருந்தன.

எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். அண்ணாச்சியின் பழைய மல்டிமீட்டர் கயிற்றில் கட்டிய பையில் வைத்து வாயிற்படியில் இறக்கப்பட்டது. கம்பிகளின் நிறங்களைப் பாடம் போலச் சொன்னார்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா அந்த உறங்காத 5, கறுப்பு அனைத்துக்கும் பொதுவான திரும்பும் வழி. மதர்போர்டிலிருந்து பெரிய செருகியைக் கழற்றி, பச்சைக் கம்பியின் துளையையும் அடுத்த கறுப்புத் துளையையும் ஒரு காகிதக் கவ்வியால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தானே ஓடத் தொடங்கும். ஓடியது, விசிறி சுழன்றது. 'நன்றாயிருக்கிறது' என்று அங்கேயே நிறுத்திவிடுவோர் பலர். விசிறி சுழல்வது வலுவுக்குச் சான்றாகாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சுமையாக இணைத்து அளந்தபோது, 12 வோல்ட் இருக்கவேண்டிய மஞ்சள் கம்பியில் 10.7 வோல்ட்டே இருந்தது. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம் என்பது விதி, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது.

அப்போது எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. எல்லா வோல்ட்டுகளும் சரியாய் இருந்தால்தான் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் நிறக் கம்பி ஒன்றின் வழியாக 'நலம்' என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வாராதவரையில் மதர்போர்டு வேலையைத் தொடங்காது. ஆக, எங்கள் பொறி எழ மறுத்தது பழுதினால் அன்று; அறிவினால். குறைந்த மின்சாரத்தில் ஓடித் தாறுமாறாய்க் கெட்டுப்போவதைவிட, ஓடாதிருப்பதே நலம் என்று அது தன்னைக் காத்துக்கொண்டது.

இன்னொன்றும் விளங்கிற்று. அன்றைய மின்தடைதான் பொறியைக் கெடுத்தது என்று சொல்லத் தோன்றும். முழு உண்மை அதுவன்று. எஸ்.எம்.பி.எஸ்.-இன் மின்தேக்கிகள் ஆண்டுக்கணக்கான சூட்டில் மெல்ல உலர்கின்றன. சூடாய் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் எப்படியோ காலம் தள்ளுகின்றன. சில மணி நேரம் குளிர்ந்துவிட்டால் மீண்டும் எழ வலுவின்றி விழுகின்றன. உட்கார்ந்த கிழவனை எழுப்பியது போலத்தான். மின்தடை கொல்லவில்லை, முன்பே இருந்த தளர்ச்சியை வெளிப்படுத்தியது.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மலையாளக் குடும்பம் பழைய பொறி ஒன்றைப் பரணில் போட்டிருந்தது. அதன் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ இரவல் தந்தார்கள். பொருத்தி, பொத்தானை அழுத்தியதும் விசிறி நில்லாமல் சுழன்றது, திரை ஒளிர்ந்தது. ஹார்டு டிஸ்கில் இருந்த அனைத்தும் அப்படியே இருந்தன: மகனின் பாடங்கள், ஊர்க் கோயில் கொடை நாளின் படங்கள், மறைந்த தாத்தாவின் குரல் பதிவு. மின்பழுது நேர்ந்த பொறியில் இவை பெரும்பாலும் அழிவதில்லை என்பதை நம் மக்கள் அறியவேண்டும். 'பெட்டி செத்தது' என்று பழைய சாமான்காரருக்கு எடை போட்டுக் கொடுக்குமுன், ஹார்டு டிஸ்கை மட்டுமேனும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பொறியில் இணைத்தால் அது பேசும். சில நாளில் தேர்வு நடந்தது, மகன் எழுதினான்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது தேர்வு அன்று. பொறி எழுந்த மகிழ்ச்சியில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தாயார் இயல்பாய் ஒன்று சொன்னார். "தரை துடைத்த ஈரத்தில் நின்று அந்தப் பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும். இனி இராது அல்லவா?"

அண்ணாச்சியின் முகம் மாறியது. "எத்தனை நாளாய், அம்மா?"

"நாளா? பெட்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான்."

"அம்மா, இதுவரையில் நாம் பார்த்தது செலவு. இது உயிர்" என்றார் அவர். அந்த நாளில் முதன்முறையாக நாற்காலியை விட்டெழுந்து, வீட்டின் முதன்மை விசையை அணைக்கச் சொல்லி உள்ளே வந்தார். பிளக் பலகையைத் தாமே திருப்புளியால் கழற்றினார். மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

அந்தப் பெரிய துளைதான் எர்த். எஸ்.எம்.பி.எஸ்.-இன் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு மின்தேக்கிகள் மின்கம்பிகள் இரண்டிலிருந்தும் பெட்டியின் தகட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையேல், பெட்டியின் உடம்பே 230-இல் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு மிகச் சிறிது. ஆதலின் எறும்பு ஊர்வதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஒரு கம்பியின் உறை உரிந்து தகட்டைத் தொட்டுவிட்டால், முழு மின்சாரமும் மண்ணுக்குச் செல்ல வழி தேடும். கம்பி இல்லாத இடத்தில் வழியாய் நிற்பவர், ஈரத் தரையில் நின்று பெட்டியைத் துடைக்கும் தாய்.

அந்த வாரமே எங்கள் சொசைட்டியில் பேசினோம். பழைய கட்டடம், யார் எப்போது கம்பி இழுத்தார்கள் என்பதை ஆராய்வதால் பயனில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து வீடு வீடாய் அளந்தார். சரியாயுள்ள துளையில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதுவே இருக்கவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது. எங்கள் வீட்டைப் போலவே வேறு பல வீடுகளிலும் எர்த் துளை வெறுமையாய் இருந்தது. அவ்வீடுகளில் துணி துவைக்கும் பொறியும் தண்ணீர் சுடவைக்கும் கீசரும் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. மராட்டியர், குஜராத்தியர், மலையாளிகள், நாம் என எல்லாரும் பங்கிட்டுச் செலவு செய்து, அடியிலிருந்து எர்த் கம்பியை மேலே கொண்டுவந்தோம். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டவுடன் கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் விசையையும் வீடுதோறும் பொருத்தினோம். இப்போது தாயார் ஈரக் கையோடு பெட்டியைத் தொட்டாலும் எறும்பு ஊர்வதில்லை. ஈரக் கையோடு தொடக்கூடாது என்பதை அவர் கேட்பதுமில்லை.

இனி, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள். மின்சாரம் ஒரு கணம் சிமிட்டும்போதே பொறி அணைந்தால் யு.பி.எஸ். மின்கலத்தை ஐயுறுங்கள், சில ஆண்டுகளில் அது வலு இழப்பது இயல்பு. யு.பி.எஸ். என்பது தொடர்ந்து வேலை செய்வதற்கு அன்று. எழுதியதைச் சேமித்து ஒழுங்காய் அணைப்பதற்கே. சிறிது நேரம் ஓடிய பின் அணைந்தால் தூசியும் சூடும் காரணமாகலாம், விசிறியைத் துடையுங்கள். கனமான வேலையின்போது மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.-ஐப் பாருங்கள். நாளும் நேரமும் அடிக்கடி மாறிப்போனால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலத்தை மாற்றுங்கள். அது சிறு செலவு. விசை போட்டவுடன் வீட்டு எம்.சி.பி. விழுந்தால் இரண்டாம் முறை முயலவே வேண்டா, அறிந்தவரை அழையுங்கள்.

மே மாதத்தில் பிள்ளைகளின் விடுமுறைக்கு நாம் ஊருக்குப் போகிறோம். ஜூனில் மழையோடு திரும்புகிறோம். வீட்டைப் பூட்டும்போது கணிப்பொறியின் வடத்தையும் யு.பி.எஸ். வடத்தையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் செல்லுங்கள். திரும்பியதும் சன்னலைத் திறந்து, விசிறி போட்டு, அறையின் ஈரம் உலர்ந்த பின்னரே பொறியை எழுப்புங்கள். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நாம் அறிவோம். தரைத்தளத்தில் இருப்போர் கணிப்பொறியைத் தரையில் வைக்காமல் ஓர் அடியேனும் உயர்த்தி வையுங்கள். நீர் தொட்ட பொறிக்கு, அது வெளியே உலர்ந்ததாகத் தோன்றினாலும், மின்சாரம் கொடுத்துச் சோதித்தல் ஆகாது.

அன்பர்களே, புலம்பெயர்ந்து வந்த நாம் வாடகை வீடு மாறும்போதும் சொந்த வீடு வாங்கும்போதும் தண்ணீர் வருமா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பள்ளி அருகில் உண்டா என்று கேட்கிறோம். சுவரின் பெரிய துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று கேட்பவர் அரியர். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கம்பி, பொறியையும் காக்கும். அதைத் துடைக்கும் கையையும் காக்கும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்தில், உரிமம் பெற்ற ஒருவரை அழைத்து அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். கணிப்பொறி இல்லாத வீட்டாரும் பார்க்கவேண்டும்.